மெதுவாக நகரும் பனியும் நடுங்கும் எஃகும்

1986 ஏப்ரல் 12 அன்று, கனடாவின் வடக்கே உள்ள பியூஃபோர்ட் கடலில், மோலிக்பாக் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடையைப் பெரும் பனிப்பாளம் ஒன்று நெருக்கியது. எஃகுச் சுவர்களுக்குள் மணலை நிரப்பிக் கடற்படுகையில் அமர்த்தப்பட்ட கனமான கட்டுமானம் அது. அதுவே விடாமல் அதிர்ந்தது. அந்த அதிர்வில் உள்ளிருந்த ஈர மணலின் ஒரு பகுதி இறுக்கம் இழந்து இளகியது. பனியின் நகர்வு நின்றதால் மேடை தப்பியது.

பனி வந்து மோதிய வேகமே காரணம் என்று நமக்குத் தோன்றலாம். உண்மை வேறு. வேகமாக வரும் பனி, பட்டவுடன் நொறுங்கிவிடும். அதன் விசையில் ஒழுங்கு இராது. மெதுவாக அழுத்தப்படும் பனியோ சட்டென உடையாமல் கூடுதல் விசையைத் தாங்கி நிற்கும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வயலின் வில்லை எண்ணிப் பாருங்கள். சீராகச் செல்லும் வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, ஓர் எல்லையில் தந்தி வழுக்கித் திரும்புகிறது, மீண்டும் பற்றப்படுகிறது. பனியும் அவ்வாறே தூணைத் தள்ளுகிறது. தூணும் உடன் வளைவதால் பனி உடையாமல் அழுத்தம் ஏறுகிறது. எல்லை மீறியதும் பனி நொறுங்க, தூண் பின்னோக்கித் துள்ளுகிறது. நொறுங்கும் தாளம் தூணின் இயல்பான அதிர்வெண்ணோடு இணைந்துவிட்டால், ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

அலாஸ்காவின் குக் இன்லெட் எண்ணெய் மேடைகளில் இவ்வதிர்வுகள் 1960களிலேயே அளந்தறியப்பட்டன. 1969இல் சீனாவின் போஹாய் கடலில் பனி ஒரு மேடையையே சாய்த்தது.

நசுக்குவதைவிட வளைத்தால் பனி எளிதில் முறியும். ஆகவே நீர்மட்டத்தில் தூணைச் சுற்றிக் கூம்பு அமைக்கின்றனர். சரிவில் ஏறும் பனி வளைந்து முறிகிறது. 1997இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 13 கி.மீ. நீளமுள்ள கனடாவின் கான்ஃபெடரேஷன் பாலத்தின் தூண்களில் இத்தகைய கூம்புகளைக் காணலாம். ஆயினும் பனி முறியும் தாளம் தூணின் அதிர்வெண்ணோடு பொருந்தினால், கூம்பு இருந்தும் ஆட்டம் திரும்பும்.

இன்று பால்டிக் கடலில் காற்றாலைகள் எழுகின்றன. உயர்ந்து மெலிந்த கோபுரம், உச்சியில் பெரும் எடை: அதிர்வுக்கு எளிதில் இடங்கொடுக்கும் அமைப்பு இது. புவி வெப்பமடைந்து பனி குறைவதால் இனிக் கவலை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. மெலிந்த பனி எளிதில் உடைந்து, காற்றிலும் நீரோட்டத்திலும் நகரத் தொடங்கும். அதிர்வை உண்டாக்குவதோ நகரும் பனிதான். உச்ச விசையைத் தாங்குமா என்று மட்டும் கேட்டுக் கட்டுவது போதாது. ஓயாத சிறு ஆட்டங்களாலும் எஃகு களைத்து விரிசல் காணும் என்பதை வடிவமைப்பின் முதல் நாளிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.