தராதரப் பத்திரம் தராத கல்லூரி

ஒரு கிராமத்துக்கு விளக்குக் கொடுப்பது எளிது. அவ்விளக்கை அணையாமற் காப்பதே அரிது. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுவதைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். பொருத்துவதற்கு என்ன செலவாகும் என்று கணக்கிடுகின்றனர். பழுதுபட்டால் திருத்துபவர் யார் என்று கேட்பவரோ சிலரே. இக்கேள்விக்கு இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்துச் சிற்றூராகிய திலோனியா அளித்த விடை, கல்வித் துறையிலுள்ள நாம் ஊன்றி நோக்கத்தக்கது என்பது என் எண்ணம்.

1972 ஆம் ஆண்டில் பங்கர் ராய் அங்கு தொடங்கிய நிறுவனம் பின்னர் 'வெறுங்காற் கல்லூரி' எனப் பெயர் பெற்றது. எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள், அவர்களுள்ளும் பேரப்பிள்ளை கண்ட மூதாட்டியர், ஆறே மாதத்தில் சூரிய மின்விளக்குகளை இணைக்கவும் பொருத்தவும் திருத்தவும் அங்கே கற்றனர். இந்திய அரசின் உதவியோடு ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்தும் பெண்கள் வந்தனர். ஆசிரியரின் மொழி மாணவிக்குத் தெரியாது; மாணவியின் மொழி ஆசிரியருக்குத் தெரியாது. உறுப்புகளை நிறத்தால் அடையாளங்கண்டும், சைகையாற் பேசியும், திரும்பத் திரும்பக் கையாற் செய்து பார்த்தும் பாடம் நடந்தது.

மூதாட்டியரைத் தெரிந்தெடுத்தது ஏன்? ஆடவருக்குப் பயிற்சி அளித்தால், பத்திரம் கைக்கு வந்ததும் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவர் என்பது ராய் கண்ட அநுபவம். ஊரில் வேரூன்றிய பாட்டி போகமாட்டாள். அது மட்டுமன்று, அக்கல்லூரி எவருக்கும் தராதரப் பத்திரம் வழங்குவதில்லை என்றும் விதித்துக்கொண்டது.

பணத்துக்கு வழி என்ன? கருவிகளை வாங்கும் செலவு வெளியுதவியாக வந்ததென்பது உண்மையே. ஆயினும், முன்பு மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டோர்ச் பற்றரிக்கும் செலவான தொகையை ஒட்டி, ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் செலுத்தவேண்டிய பணத்தை ஊர்க்குழுவே தீர்மானித்தது. அதிலிருந்தே திருத்துபவளுக்கு ஊதியம் கிடைத்தது. இலவசமாக வந்த பொருள் கெட்டுப்போனால் கேட்பாரில்லை. காசு கொடுத்தவனோ கேள்வி கேட்பான். கேட்பவனும், பதில் சொல்பவளும் ஒரே ஊரில் இருப்பதுதான் இம்முறையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

நமது பாடசாலைகளில் கெட்டிக்கார மாணவன் என்றால், ஊரைவிட்டுப் போகப்போகிறவன் என்றே பொருள் கொள்ளுகிறோம். பரீட்சைப் பெறுபேற்றைப் பாராட்டும்போதே அவனுக்குப் பிரியாவிடையும் கூறிவிடுகிறோம். பத்திரங்கள் வேண்டாவென்று நான் சொல்லவரவில்லை. மருத்துவருக்கும் பொறியியலாளருக்கும் அவை வேண்டியவையே. ஆனால் சுற்றாடலைக் கெடுக்காத பொருளாதாரம் வேண்டுமென்று மேடைதோறும் முழங்கும் நாம், அதனை ஊரிலிருந்து பேணக்கூடிய கைகளைப் பயிற்றுகிறோமா? சூரியத் தகடுகள் கப்பலில் வந்து இறங்கும். அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களை நாமேதான் உருவாக்கவேண்டும்.