இடுப்பில் போட்ட தகடு தளர்ந்தால்

மரத்திலிருந்து விழுந்தோ லொறி புரண்டோ இடுப்பெலும்பு உடைந்தவர்களைக் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவதுண்டு. தகடு போட்டு வந்ததும், "இனி ஒண்ணும் ஆகாது" என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். இரண்டு தடவை கிளினிக் போவார்கள். பிறகு பஸ் காசையும் ஒரு நாள் பேரையும் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். கொழுந்துக் கூடையின் வாய்வளையம் ஓரிடத்தில் விட்டால் கூடை ஒருமாதிரி நிற்கும். இரண்டு இடத்தில் விட்டால் நிற்காது. முன்னும் பின்னும் விட்ட இடுப்புக்குத்தான் முன்பக்கம் தகடும், பின்பக்கம் நீண்ட திருகாணியும் போடுகிறார்கள். முன்பக்க மூட்டு நடக்கும்போதெல்லாம் சற்று அசையும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிறதல்லவா? அதேபோல நாளடைவில் ஆணி தளரலாம், தகடே ஒடியலாம்.

இதற்காகப் பயப்பட வேண்டாம். முறிவு பொருந்தியபின் ஒடிந்தால் பலருக்கு வலியே இராது; எக்ஸ்ரேயில்தான் தெரியும். வளையம் விலகாவிட்டால் டாக்டர் அப்படியே விட்டுவிடுவார். கழற்றவும் ஒரு சத்திரசிகிச்சை வேண்டுமே! ஆனால் முதல் வாரங்களில் தளர்ந்தால் கதை வேறு. டாக்டர் சொல்லுமுன் காலை ஊன்றுவது, தண்ணீர்க்குடம் தூக்குவது, இதெல்லாம் வளையத்தை மறுபடி விரித்துவிடும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வேலை செய்யும் பிள்ளைகளின் அறையில் தங்குவோர் மாடிப்படியையும் குந்தும் கக்கூஸையும் பற்றி வார்ட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

காயத்தில் சீழ், காய்ச்சல், புதிதாக வந்த வலி, பாதம் மரத்துப்போதல், மூத்திரத்தில் இரத்தம்: இவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் திகதிவரை காத்திராதீர்கள். கால் வீங்கி மூச்சு வாங்கினால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள்; சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

கர்ப்பிணிகள் தகடு இருப்பதை மிட்வைஃப் அம்மாவிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தகடு இருப்பதாலேயே வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளை எடுக்கவேண்டும் என்றில்லை.

பழைய எக்ஸ்ரே படங்களை ஒவ்வொரு தடவையும் கொண்டுபோங்கள். ஆணி நகர்ந்ததா என்பது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் லயத்துக் கூரை ஒழுகுவது தெரிந்ததுதானே; படங்களை டயக்னோசிஸ் கார்டோடு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.