கூடம் கோணலா?

"சார், கம்பைலரே தப்புப் பண்ணுமா?" திண்டிவனத்தில் என்னிடம் சி மொழி படிக்க வரும் மாணவி கேட்டார். 200 வரி நிரல். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டினால் விடை சரி, போட்டால் தவறு.

நாம் எழுதுவதைக் கணினிக்கான கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ஆப்டிமைசேஷன் போட்டால், வேகத்துக்காக வீண் வேலையை வெட்டும், கட்டளைகளை முன்பின்னாக மாற்றும். விடை மட்டும் மாறக் கூடாது.

பண்ணும் என்றேன். 2014 ஜூலையில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் சிலருடைய கணினிகளில் காரணமே தெரியாமல் அவ்வப்போது விழுந்தது. செயலிகளுக்கு வேலையைப் பங்கிடும் பகுதியில்தான் சிக்கல். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சி நிரலை ஒதுக்கிவிட்டு, ஜிசிசி 4.9.0 என்ற கம்பைலர் அதிலிருந்து உண்டாக்கிய அசெம்பிளிக் கட்டளைகளைப் படித்தார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டி வந்ததும் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். நினைவகத்தின் ஸ்டாக் பகுதியிலும் அப்படித்தான். முதலில் ஸ்டாக் பாயின்டரை நகர்த்தி இடம் பிடிக்க வேண்டும், பிறகே அங்கே மதிப்பை வைக்கலாம். ஜிசிசியோ மதிப்பை முதலில் வைத்துவிட்டு, இடத்தைப் பிறகு பிடித்தது. அந்த இடைவெளியில் ஏதாவது வன்பொருள் குறுக்கிட்டால், காலி இடம்தானே என்று அதன் மேலேயே எழுதிவிடும். குறுக்கிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

டீபக் தகவலோடு கம்பைல் செய்தபோதுதான் இது தலைகாட்டியது. பிழை தேடுவதற்கென்றே உள்ள வசதி பிழைக்கு வழிவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. கோளாறின் வேர் 2010இல் வந்த ஜிசிசி 4.5 வரை போனது. டீபக் தகவல் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்று, ஜிசிசியில் கோளாறுக்குக் காரணமான பகுதியை அணைக்கும் ஒரு விருப்பத்தேர்வைக் கெர்னலில் சேர்த்தார் டோர்வால்ட்ஸ்.

ஆனாலும் ஆடத் தெரியாமல் கூடத்தைக் கோணல் என்று சொல்வதே அதிகம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழு சீஸ்மித் என்ற கருவியால் தாறுமாறான சி நிரல்களை உண்டாக்கி, 2011க்குள் கம்பைலர்களில் 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்தது. அந்த நிரல்கள் சி மொழியின் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரும்பாடு. மீறியிருந்தால் குற்றம் கம்பைலருடையது ஆகாது.

மாணவியிடம், நிரலைப் பாதி பாதியாக வெட்டுங்கள், ஒவ்வொரு முறையும் தவறு நிற்கிறதா என்று பாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை 11 வரியோடு வந்தார். நான்காவது வரியில் கூட்டுத்தொகைக்கான மாறி. அதற்குத் தொடக்கத்தில் பூஜ்யம் கொடுக்கவே இல்லை.