ஐம்பது டொலருடன் ஒரு நகர்வலம்

மனைவியும் மகளும் அவுஸ்திரேலியா வந்து மூன்று கிழமையாகியும் மகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, மெல்பேர்ண் எங்கை?"

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. நாங்கள் குடியிருக்கும் த பேசின், டண்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றிவர யூக்கலிப்டஸ் மரங்கள். பின்னேரமானால் வெள்ளைக் கொண்டைக் கிளிகளின் கூச்சல். சில கடைகளைத் தாண்டினால் காடு. "எங்கடை சந்தியிலை இதைவிடக் கூடக் கடையள் இருக்கு" என்றாள்.

அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் நான்தான். 2012 இல் அவள் கைக்குழந்தையாக இருக்கையில் நான் படகேறினேன். அடுத்த வருடம் நகரத்தில், பிளிண்டர்ஸ் வீதிப் புகையிரத நிலைய வாசலில் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "வேலை இதுக்குக் கிட்டத்தான்" என்று போனில் சொல்லிவிட்டேன். உண்மையில் வேலை பேஸ்வாட்டரில் ஒரு தொழிற்சாலையில். நகரத்துக்கு நான் போனதெல்லாம் வழக்கறிஞரைப் பார்க்கவும் வீசாக் கடதாசிகளுக்கும் மட்டுமே. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு வீசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர வீசாவுக்கு வழி திறந்தது. அதன் பிறகுதான் குடும்பத்தைக் கூப்பிட முடிந்தது. அந்த வழி இன்னமும் திறக்காத உறவுகள் எம்மிடையே உண்டு என்பதையும் இங்கே மறக்கக்கூடாது.

ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். விமானச்சீட்டுக் கடன் கழுத்தில் நின்றதால், கையில் ஐம்பது டொலர்தான். மனைவி விடியவே எழும்பிப் புளிச்சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டினா. பிளாஸ்கில் தேநீர்.

எங்களிடத்தில் புகையிரத நிலையம் இல்லை. பொரோனியா வரை பஸ், அங்கிருந்து பெல்கிரேவ் பாதை ரயில். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனியுங்கள்: சனி, ஞாயிறுகளில் பெரியவர்களுக்கான நாள் கட்டண உச்சவரம்பு வாரநாட்களைவிடக் குறைவு. 2026 ஜனவரி முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயணம் இலவசம். ஆனால் பிள்ளைக்கு இளையோர் மைக்கி அட்டை எடுத்து வைத்திருங்கள்.

பிளிண்டர்ஸ் வீதி நிலையத்தில் இறங்கி வாசலுக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். 1910 இல் கட்டி முடித்த மஞ்சள் கட்டடம், மேலே வரிசையாக மணிக்கூடுகள். "அந்தப் படத்திலை இருக்கிற இடம்! உங்கடை வேலை எங்கை அப்பா?"

இனி மறைக்க வழியில்லை. "பிள்ளை, அண்டைக்கு நான் வழக்கறிஞரிட்டை வந்தனான். வேலை இஞ்சை இல்லை" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மனைவி மட்டும், "இஞ்சருங்கோ, எனக்கு அப்பவே தெரியும்" என்றா மெதுவாக.

அந்தச் சங்கடத்தில் பக்கத்துக் கடையில் மூன்று தண்ணீர்ப் போத்தல் வாங்கி ஒன்பது டொலரைக் கொட்டினேன். நூறு யார் போக முன்னரே தெருவோரத்தில் குடிதண்ணீர்க் குழாய்! வீட்டிலிருந்தே போத்தலைக் கொண்டு போங்கள்.

நகர மத்தியில் ட்ராம் இலவசம். இந்த வசதி 2015 ஜனவரியில் தொடங்கியது. எல்லைக்குள் ஏறி எல்லைக்குள் இறங்கினால் அட்டையைத் தொடவே தேவையில்லை. எல்லை முடியும் இடத்தை ட்ராமிலேயே அறிவிப்பார்கள். தாண்டிப் போவதானால் கட்டாயம் தொட வேண்டும்.

ஸ்வான்ஸ்ரன் வீதியால் மாநில நூலகத்துக்குப் போனோம். 1856 இல் திறந்த நூலகம் அது. உள்ளே போக ஒரு சதமும் இல்லை. யாரென்றும் கேட்கமாட்டார்கள். 1913 இல் திறந்த எண்கோண வாசிப்பு மண்டபத்தின் குவிமாடத்தை மேல்மாடியில் நின்று பார்த்தோம். கீழே பச்சை விளக்குகளின் கீழ் மாணவர்கள். மனைவி என் காதோடு, "1981 இல் எரிச்சது இப்பிடித்தானே இருந்திருக்கும்" என்றா. யாழ் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த கதையை மகளுக்குச் சொன்னோம். பள்ளிக்கூடத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவன் நான். இந்தக் கதிரைகளில் ஒன்றில் என் மகள் இருப்பாள் என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன்.

நூலகத்தின் முன் புற்றரையிலேயே சோற்றைப் பிரித்தோம். எங்களைப் போலவே பலர் சாப்பாட்டுப் பெட்டிகளுடன் இருந்ததால் கூச்சம் போய்விட்டது. பிறகு ட்ராமில் விக்டோரியா மகாராணி மார்க்கெற். 1878 இலிருந்து நடக்கும் சந்தை இது. மரக்கறி, மீன், உடுப்பு எல்லாம் ஒரே இடத்தில். சுடச்சுட ஜாம் வைத்த டோனட் வாங்கினோம். திங்களும் புதனும் சந்தை பூட்டு. அந்த நாட்களில் போய் ஏமாறாதீர்கள்.

உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்க மகளுக்கு ஆசை. வானளாவிய கோபுரத்தில் ஏறும் ரிக்கற் எங்கள் கணக்குக்கு ஒத்துவராது. பிரின்சஸ் பாலத்தால் யாரா ஆற்றைக் கடந்து, சென் கில்டா வீதியால் போர் நினைவாலயம் வரை நடந்தோம். 1934 இல் திறந்த அதன் மேல்தளத்திலிருந்து முழு நகரமும் தெரிகிறது. காசு இல்லை.

திரும்பும் வழியில் விக்டோரியா தேசியக் கலைக்கூடம். நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. விசேட கண்காட்சிகளுக்கு மட்டும் ரிக்கற். வாசலில் கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே பெரிய மண்டபத்தின் கூரை முழுவதும் வண்ணக் கண்ணாடி. சனங்கள் நிலத்தில் படுத்துக்கிடந்து அதைப் பார்க்கிறார்கள்! எனக்கு வெட்கம். காலையிலிருந்து என்னோடு அதிகம் கதைக்காத மகள் சட்டென்று படுத்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் படுத்தேன்.

கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்பா, அண்டைக்கு வழக்கறிஞரிட்டை வரேக்கை சாப்பிட்டனீங்களா?"

"இல்லைப் பிள்ளை."

"இனிப் பொய் சொல்லாதேங்கோ. உங்கடை பக்ரரியையும் எனக்கு ஒருநாள் காட்டுங்கோ."

வீடு வந்து சேர்ந்தபோது கையில் பதின்மூன்று டொலர் மிச்சம். தண்ணீர்ப் போத்தல்கள் இல்லாவிட்டால் இருபத்திரண்டு.

அன்பான உறவுகளே, புதிதாக வந்த குடும்பத்தை நகரத்துக்குக் கூட்டிப்போகக் காசு சேரும்வரை காத்திருக்காதீர்கள். வெயிலான ஒரு சனிக்கிழமையும் ஒரு சோற்றுப் பொதியும் போதும். நாம் நின்று படம் எடுத்த இடங்களைக் காட்டும்போது, அந்தப் படத்தின் பின்னால் இருந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அதை அவர்கள் எங்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள்.