பாட்டு அப்படியே போய்விடுமா?

நடவு வயலில் குலவையும் பாட்டும், தொட்டில் பக்கத்தில் தாலாட்டு, துஷ்டி வீட்டில் ஒப்பாரி... தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்குப் பாட்டுக் கட்டுவது புதுசா என்ன? மெட்டு பழசுதான். ஆனால் அந்தந்த நேரத்துக்கு ஏற்ற சொல்லை நாமேதானே போட்டுக்கொள்கிறோம்! அப்படியிருந்தும், "நான் பாட்டுக் கட்டுவேன்" என்று எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்கிறோம்?

இங்கிலாந்தில் வஷ்டி பன்யன் என்று ஒரு நாட்டுப்புறப் பாடகி. 1945-ல் பிறந்தவர். 1968-ல் நண்பர் ஒருவரோடு குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிக் கிளம்பினார். வழியில் பார்த்ததையெல்லாம் பாட்டாக்கினார். 1970-ல் அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்தன. வாங்கத்தான் ஆளில்லை. மனசொடிஞ்சு போய், பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டார். அப்புறம் மூன்று பிள்ளைகள், வீட்டு வேலை என்றே காலம் போனது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூடப் பாடிக் காட்டவில்லையாம்!

பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் வாங்கி, தன் பெயரைப் போட்டுத் தேடினால், அந்தப் பழைய இசைத்தட்டுக்காக ஆட்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள்! 2000-ல் அது மறுபடி வெளிவந்தது. 2005-ல் புதுப் பாட்டுகளோடு அடுத்த ஆல்பம். நடுவில் 35 வருஷம்! அதன் பெயர் 'லுக்காஃப்டரிங்'. மற்றவர்களைப் பார்த்துக்கொள்வது என்ற அர்த்தத்தில் வைத்த பெயர். அட்டையில் இருப்பது அவர் மகள் வரைந்த ஓவியம்.

"குடும்பத்துக்காகத் தியாகம் பண்ணினார்" என்று கைதட்ட எனக்கு மனசு வரல. அவர் வாயைக் கட்டியது பிள்ளைகள் இல்லை. 'நம்ம பாட்டை யார் கேட்கப்போறா' என்ற நினைப்பு. பிள்ளை வளர்த்த வருஷங்கள் வீணாகவும் இல்லை. பிறகு அதுவே பாட்டாச்சே!

அவருக்கு ஒரு இசைத்தட்டாவது மிஞ்சியிருந்தது. நமக்கு? நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை போன்றவர்கள் தேடித் தேடித் தொகுத்ததால் சில பாட்டுகள் பிழைத்தன. எழுதி வைக்காதவை நம் ஆச்சிமார்களோடேயே போய்விட்டன.

அதனால் தோழிகளே, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். மனசில் ஓடுகிற நாலு வரியை எழுதி, கீழே உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் பாடச் சொல்லி செல்போனில் பதிவு பண்ணுங்கள். 'இந்த வயசில் என்ன பாட்டு?' என்று யாராவது கேட்டால், 60 வயதில் திரும்பி வந்த இந்த அம்மாவைச் சொல்லுங்கள்!

- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்