துறவி நண்டுக்கு வீடு கிடைக்குமா?

அந்தமான் போனா முதல்ல நம்மளக் குழப்புறது கடல் இல்ல, கடிகாரம். டிசம்பர்ல ஹேவ்லாக் தீவுல சாயங்காலம் 5 மணிக்கே சூரியன் மறைஞ்சிடும். அதே நாள் சென்னையில மறைய அஞ்சே முக்கால் ஆகும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வச்சுக் கணக்கிட்டது. அந்தமான் இருக்கிறது கிட்டத்தட்ட 93 டிகிரியில. டிகிரிக்கு 4 நிமிஷம்னு போட்டுப் பாருங்க, சூரியன் அங்க 40 நிமிஷத்துக்கு மேல முந்திக்குது. அதனால டூர் போற எல்லாரும் ஒரே புலம்பல்: "என்னடா, டீ குடிக்கிறதுக்குள்ள இருட்டிடுச்சு!"

எனக்கு அது வசதியாத்தான் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே ரெண்டு மணி நேர இருட்டு கிடைக்குது. கரையோட உண்மையான குடிமக்கள் வெளிய வர்றதே அப்போதான்.

பகல் நண்டுகளைப் பத்தி மட்டும் சுருக்கமா சொல்லிடுறேன். கடல் உள்வாங்கின ஈர மணல்ல, யாரோ உக்காந்து புள்ளிக் கோலம் போட்ட மாதிரி சின்னச் சின்ன மணல் உருண்டைகள் கிடக்கும். நகம் அளவு நண்டு ஒண்ணு மணலை வாயில போட்டு, அதுல ஒட்டியிருக்கிற நுண்பாசியைத் தின்னுட்டு, சுத்தமான மணலை உருட்டித் துப்புது. "இது ஃபில்ட்ரேஷன் யூனிட்டுடா"ன்னான் கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பன். அலை ஏறினதும் கோலம் அழிஞ்சிடும். மறுநாள் கடல் உள்வாங்குற நேரம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப்போகும், கோலம் போடுற நேரமும் கூடவே தள்ளிப்போகும்.

இப்ப இருட்டுக்கு வருவோம். டார்ச் அடிச்சா மணல்ல கிடக்கிற சங்குகள் நடக்கும். எங்க கூட வந்த ஒருத்தன் பகல்ல ஒரு அழகான சங்கை எடுத்து ரூம் மேஜை மேல வச்சிருந்தான். ராத்திரி அது மேஜை ஓரம் வரைக்கும் நடந்து போச்சு. அவன் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்காரங்க எழுந்து வந்துட்டாங்க. உள்ள இருந்தது துறவி நண்டு. சங்கு எங்க இருந்ததோ அங்கயே கொண்டுபோய் விட்டோம்.

துறவின்னு பேர் வச்சவங்க யாரோ, ஆனா இவ்வளவு வீட்டுக் கவலை இருக்கிற துறவியை நான் பார்த்ததில்ல. மத்த நண்டு மாதிரி இதுக்கு உடம்பு முழுக்க ஓடு கிடையாது. பின்பாதி மெத்துன்னு சுருண்டு இருக்கும். அதை மறைக்க, செத்துப்போன கடல் நத்தையோட சங்குக்குள்ள புகுந்துக்கும். நிலத்துல வாழுற வகைக்கு இன்னொரு தேவையும் உண்டு. செவுள் காய்ஞ்சா மூச்சு நின்னுடும், அதனால சங்குக்குள்ள கொஞ்சம் தண்ணியையும் சேர்த்துச் சுமக்குது.

சிக்கல் என்னன்னா, நண்டு வளரும், சங்கு வளராது. நண்டால சங்கு செய்யவும் முடியாது. ஆக, ஒவ்வொரு சைஸ் மாறும்போதும் வீடு தேடணும். பெரிய காலிச் சங்கு ஒண்ணு கரை ஒதுங்கினா நண்டுகள் அதைச் சுத்திக் கூடும். சில சமயம் பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் சைஸ் வாரியா வரிசை கட்டும். சரியான அளவுள்ள பெரிய நண்டு புது வீட்டுக்குள்ள போனதும், அதோட பழைய வீட்டுக்கு அடுத்தது, அதோடதுக்கு அதுக்கடுத்தது. கண்மூடித் திறக்கிறதுக்குள்ள வரிசை மொத்தமும் குடிமாறிடும். ஹாஸ்டல் ரூம் அலாட்மென்ட் இவ்வளவு வேகமா நடந்து நான் பார்த்ததில்ல.

சொந்தக்காரங்கள்ல தேங்காய் நண்டு மட்டும் தப்பிச்சுக்கிச்சு. நிக்கோபார் பக்கம் இருக்கிற அந்த ராட்சசனுக்குச் சின்ன வயசுல மட்டும்தான் சங்கு. வளர்ந்ததும் உடம்பே கெட்டியாகிடும்.

இந்த வரிசையை நினைச்சுக்கிட்டுப் பாருங்க, ஒருத்தர் ஞாபகத்துக்குன்னு ஒரு சங்கைப் பையில போட்டா குறையுறது ஒரு வீடு இல்ல. அது வழியா மாறியிருக்க வேண்டிய நாலஞ்சு வீடு. சில வகை நண்டுகள் சங்கோட உள்சுவரைத் தேய்ச்சு இடத்தைப் பெருசாக்கி வச்சிருக்கும். பல நண்டு மாறி மாறிக் குடியிருந்த அந்தப் பழைய சங்குக்குத்தான் அங்க கிராக்கி அதிகம். பவளமும் சில சங்கு வகைகளும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட பட்டியல்லயும் இருக்கு.

வீடு கிடைக்கலன்னா நண்டு என்ன பண்ணும்? நாம போட்டதை எடுத்துக்கும். 2024ல போலந்து ஆராய்ச்சியாளர்கள், உலகம் முழுக்க மக்கள் இணையத்துல போட்ட போட்டோக்களைத் தேடி, செயற்கைப் பொருளைச் சுமக்கிற 386 துறவி நண்டுகளைக் கண்டுபிடிச்சாங்க. பெரும்பாலும் பிளாஸ்டிக் மூடி. நிலத்துல வாழுற 16 இனத்துல 10 இனம் அந்தப் போட்டோக்கள்ல இருந்தது. ஹேவ்லாக்ல நானும் ஒண்ணைப் பார்த்தேன். வெள்ளை மூடி, பின்பக்கம் பாதி வெளிய தெரியுது. போட்டோவுக்கு எல்லாரும் "க்யூட்"னு கமென்ட் போட்டாங்க. எனக்கு அப்படித் தோணல.

மூடியை விட மோசம் பாட்டில். இந்தியப் பெருங்கடல்ல கோகோஸ் தீவுகள்லயும் பசிபிக்ல ஹென்டர்சன் தீவுலயும் செஞ்ச ஆய்வு, பிளாஸ்டிக் குப்பைக்குள்ள மாட்டிச் செத்த துறவி நண்டுகள் ரெண்டு இடத்துலயும் சேர்த்து சுமார் 5.7 லட்சம் இருக்கும்னு கணக்கிட்டது. வாய் மேல்நோக்கிச் சாய்ஞ்சு கிடக்கிற பாட்டிலுக்குள்ள நண்டு இறங்கிடும், வழுக்குற சுவர்ல திரும்ப ஏற முடியாது. அதுக்கப்புறம் நடக்கிறதுதான் கொடுமை. ஒரு துறவி நண்டு செத்தா அந்த வாசனை மத்த நண்டுகளுக்கு "இங்க ஒரு வீடு காலி"ன்னு தகவல். கரையில அது சரியான தகவல்தான். பாட்டிலுக்குள்ள இருந்து வந்தா, அதை நம்பி அடுத்தது இறங்கும். அது செத்ததும் இன்னொண்ணு.

அடுத்த பேட்ச் அந்தமான் டூர் போகும்போது கரையில மூடி இல்லாத பாட்டிலைப் பார்த்தா, எடுக்கிறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாருங்க. அசைவு இருந்தா நிழல்ல வச்சு, வாயைக் கீழ சாய்ச்சு மெதுவாத் தட்டுங்க. நண்டு உடனே வெளிய வராது, பயத்துல சங்குக்குள்ள ஒடுங்கியிருக்கும். ரெண்டு நிமிஷம் பேசாம நில்லுங்க, கால் வெளிய வரும், தானா வேர்ப்பக்கம் நடந்துடும். அப்புறம் பாட்டிலை உங்க பையில போட்டுக்கலாம்.