தாய்ப்பலகைகளை இனங்காணுதல்

கல்வியைத் தேடுவது கடமை எனப் போதிக்கப்பெற்ற சமுதாயம் நம் சமுதாயம். அக்கல்விக்குரிய கருவிகளுள் இன்று கணிப்பொறி முதன்மையானது. பெற்றோர் தம் சிறுசேமிப்பைச் செலவிட்டும், ஊர்ப் பெரியோர் நன்கொடை திரட்டியும் மாணவர்க்கு அதனை வாங்கித் தருகின்றனர். அப்பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது வீணாகாமலிருக்க, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் வகை வேறுபாடுகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

'மனம்' என்பதும் 'மணம்' என்பதும் ஓரெழுத்தால் வேறுபட்டுப் பொருளால் முற்றிலும் மாறுகின்றன. தாய்ப்பலகைகளின் பெயர்களும் அத்தகையனவே. பெயரில் வரும் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் ஒரு பொருளைக் குறித்து நிற்கிறது.

முதலாவது, அளவு. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில் பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை 244 மில்லிமீட்டர் சதுரம், மினி ஐ.டி.எக்ஸ். 170 மில்லிமீட்டர் சதுரம். மாதிரிப் பெயரில் எண்ணையடுத்து 'எம்' என்னும் எழுத்து வருமாயின், அது பெரும்பாலும் மைக்ரோ வகையைச் சுட்டும்.

இரண்டாவது, சிப்செட் எனப்படும் சில்லுத் தொகுதி. இன்டெல் 12ஆம் தலைமுறை நுண்செயலிகளுக்கென வந்த எச் 610, பி 660, இசட் 690 ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் செயலி பொருந்தும் வாய் ஒன்றே, ஆற்றலோ வேறு. எச் 610 பலகையில் நினைவகத் துண்டுகளுக்கு இரண்டு இடங்களே உண்டு. பி 660 நான்கு வரை இடமளிக்கும். நினைவகத்தின் வேகத்தை உயர்த்தவும் இசையும். செயலியின் வேகத்தையே உயர்த்த விரும்புவோர்க்கு உரியது இசட் 690. எழுத்துப் பணிக்கும் கணக்குப் பணிக்கும் எச் 610 போதுமாதலின், விலை மிக்கதே சிறந்தது என எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவது, நினைவகம். ஒரே பி 660 பலகை டி.டி.ஆர். 4 வகைக்கென ஒன்றாகவும், டி.டி.ஆர். 5 வகைக்கென மற்றொன்றாகவும் விற்பனைக்கு வந்தது. இரு வகை நினைவகத்திலும் 288 தொடுமுனைகளே உள்ளன. எனினும் வெட்டுவாய் அமைந்த இடம் வேறாதலின் ஒன்றிற்குரியது மற்றொன்றில் நுழையாது. பெயரின் இறுதியில் வரும் 'டி 4' போன்ற குறியே இவ்வேறுபாட்டை உணர்த்தும்.

நான்காவது, வெளித்தோற்றத்தால் அறிய இயலாத வேறுபாடு. 2015இல் வந்த இன்டெல் 100 வரிசைப் பலகைகளிலும், 2017இல் வந்த இசட் 370 பலகையிலும் பொருத்துவாயின் தொடுமுனைகள் 1151 தாம். ஆயினும் மின்சாரம் வழங்கும் முனைகளின் ஒழுங்கு மாற்றப்பட்டதால், 8ஆம் தலைமுறைச் செயலியைப் பழைய பலகைகளுக்கு உரியதாக இன்டெல் ஏற்கவில்லை. எண்ணிக்கை ஒத்திருப்பதாலேயே இரண்டும் ஒத்துழைக்கும் எனக் கொள்ளலாகாது.

ஐந்தாவது, திருத்த எண். கிகாபைட் போன்ற நிறுவனங்கள் ஒரே பெயருடைய பலகையைச் சிற்சில மாற்றங்களுடன் மீண்டும் வெளியிட்டு, 1.0, 1.1 எனத் திருத்த எண்ணைப் பலகையின் மீதே அச்சிடுகின்றன. பயாஸ் மென்பொருளைப் புதுப்பிக்குமுன் இவ்வெண்ணை ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. 12ஆம் தலைமுறைக்கென வந்த பலகை 13ஆம் தலைமுறைச் செயலியை ஏற்க வேண்டுமாயினும், அதற்குரிய பயாஸ் அதில் இருத்தல் வேண்டும்.

எனவே, முதலில் பணியை வரையறுத்து, அதற்கேற்ற செயலியைத் தேர்ந்து, பின்னரே பலகையைத் தேடுவோம். பலகையின் முழுப்பெயரையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலுடன் ஒப்புநோக்கிய பின்னரே பணம் செலுத்துவோம். எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கத்தைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது. அதே கவனத்தை இங்கும் செலுத்தினால், கொடுத்தவர் பொருளும் கற்பவர் காலமும் ஒருங்கே காக்கப்படும்.